கணக்குப் பார்க்காத கருணை

2024 மே 13 மாலை மும்பை காட்கோபர் கிழக்கில், செட்டா நகர் சந்திப்புக்குப் பக்கத்தில், ஒரு பெட்ரோல் பங்க் மீது ராட்சத விளம்பரப் பலகை சரிந்து விழுந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 40-க்கு 40 அடி. விழுந்த பலகை 120-க்கு 120. இறந்தவர்கள் 17 பேர். அன்றிரவே நாடு முழுக்க அதுதான் பேச்சு. வழக்கு, கைது, விசாரணைக் குழு, இழப்பீடு, நகரம் முழுக்க உள்ள பலகைகளை அளக்க உத்தரவு என்று எல்லாம் வரிசையாக நடந்தன. நடந்தது நியாயம்தான்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் காட்கோபர்–மான்கூர்து இணைப்புச் சாலை. அதன்மேல் 2021-இல் ஒரு மேம்பாலம் திறந்தார்கள். பாலத்தின் அடியில் கோவண்டியின் சிவாஜி நகர், ரஃபீக் நகர், அதற்கப்பால் தேவ்னார் குப்பைமேடு. 2022 அக்டோபர் கடைசியில் அந்த ரஃபீக் நகரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று குழந்தைகள் 48 மணி நேரத்துக்குள் இறந்தன. தட்டம்மை என்று சந்தேகம் எழுந்த பிறகுதான் மாநகராட்சி விழித்தது. நவம்பரில் தில்லியிலிருந்து மத்தியக் குழு வந்தது. சிஞ்ச்போக்ளி கஸ்தூர்பா மருத்துவமனையில் தனி வார்டுகள் நிரம்பின. நோய் குர்லா, தாராவி, மலாட், பிவண்டி என்று பரவியது. ஆண்டு முடிவதற்குள் மும்பையில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை பத்தைத் தாண்டிவிட்டது.

கைது என்ற பேச்சு அப்போது எழவே இல்லை. இத்தனை ஆயிரம் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடாமல் விட்டது எந்த அதிகாரியின் கையெழுத்து, எந்த ஆண்டின் பட்ஜெட், எந்தக் கூட்டத்தின் முடிவு என்று எவரும் தேடவில்லை. செய்தி வந்தது, சில வாரம் இருந்தது, போனது.

இரும்பு விழுந்து செத்தால் குற்றம். ஊசி கிடைக்காமல் செத்தால் விதி. இந்தப் பாகுபாட்டைவிடப் பெரிய மூடநம்பிக்கை நம் காலத்தில் இல்லை என்கிறேன். இது குடிசைவாசியின் மூடநம்பிக்கை அன்று. பத்திரிகை படிக்கிற, வரி கட்டுகிற, சாதி மறுப்புத் திருமணத்துக்கு வாழ்த்துச் சொல்கிற, தன்னைப் பகுத்தறிவாளர் என்று சொல்லிக்கொள்கிற நம்முடையது.

மணிக்கயிறு யாருக்கு எட்டும்?

நம் நீதியுணர்ச்சிக்கு அடையாளமாக நாம் காட்டும் கதை மனுநீதிச் சோழன் கதை. திருவாரூர்த் தெருவில் இளவரசனின் தேர்க்காலில் கன்று மாட்டிச் செத்தது. தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை இழுத்தது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். கேட்டதும் கண் கலங்குகிறோம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையும் வைத்திருக்கிறோம்.

கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று கேட்போம். அந்த வருஷம் திருவாரூரில் எத்தனை கன்றுகள் செத்தன? கோமாரியில் செத்தவை, பட்டினியில் செத்தவை, கழிச்சலில் செத்தவை? அந்தப் பசுக்கள் ஏன் மணி அடிக்கவில்லை? அவற்றுக்குக் குற்றவாளி கிடைக்கவில்லை. தேர் இல்லை, தேரோட்டி இல்லை, தெருவில் ரத்தம் இல்லை. ஆகவே வழக்கும் இல்லை. செத்தவன் ஒருவன், கொன்றவன் ஒருவன் என்று இரண்டு முகம் தெரிந்தால்தான் அந்த மணி ஒலிக்கும். முகம் தெரியாத சாவுக்கு அது ஊமை.

நம் மனமும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. இருதய அறுவை சிகிச்சைக்குப் பணம் கேட்டு ஒரு குழந்தையின் படம் வாட்ஸ்அப்பில் வந்தால் ஐந்நூறு ரூபாய் அனுப்புகிறோம். அனுப்பத்தான் வேண்டும். ஆனால் தடுப்பூசியால் பிழைத்த குழந்தையின் படத்தை யாராலும் அனுப்ப முடியாது. தான் பிழைத்தது அந்தக் குழந்தைக்கே தெரியாது. அதன் தாய் எவருக்கும் நன்றி சொல்ல மாட்டாள், ஏனென்றால் அவளைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2000 முதல் 2023 வரை தட்டம்மைத் தடுப்பூசி தடுத்த சாவுகள் ஏறத்தாழ 6 கோடி. ஆறு கோடி உயிர். ஒன்றுக்குக்கூட முகம் கிடையாது.

நம் ஊரில் ‘கணக்குப் பார்க்கிறவன்’ என்றால் வசவு. அன்புக்குக் கணக்கு ஏது என்பார்கள். முகம் தெரிந்தவரிடம் காட்டும் அன்புக்குக் கணக்கு வேண்டாம். அங்கே கண் இருக்கிறது, போதும். முகம் தெரியாதவருக்குக் கருணை காட்ட எண்ணைத் தவிர வேறு வழி இல்லை. அங்கே கணக்குப் பார்க்க மறுப்பவர் அன்பு மிகுந்தவர் அல்லர். பார்க்க மறுப்பவர், அவ்வளவுதான்.

வந்துபோகிற நோயா?

‘மணல்வாரி எல்லாருக்கும் வந்துட்டுப் போறதுதானே, எனக்கும் வந்துச்சு, நான் நல்லாத்தானே இருக்கேன்’ என்று தட்டம்மையைப் பற்றிச் சொல்லாத வீடு இல்லை. சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. பிழைத்தவர் மட்டுமே சாட்சிக் கூண்டில் ஏற முடியும். செத்த பிள்ளை வந்து மறுத்துப் பேசாது. 1980-க்கு முன், தடுப்பூசி பரவலாகாத காலத்தில், உலகில் ஆண்டுக்குச் சுமார் 26 லட்சம் பேர் தட்டம்மையால் இறந்தார்கள். 2023-இல் அது 1,07,500. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள், பெரும்பாலும் ஏழை நாடுகளில்.

மனிதரிடையே பரவும் நோய்களில் இதைவிட வேகமானது அரிது. எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார். அவர் இருமிவிட்டு எழுந்து போன அறையில் இரண்டு மணி நேரம்வரை கிருமி காற்றில் நிற்கும். காட்கோபர் மெட்ரோ நிலையத்தின் காலை நெரிசலை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். மேலும், உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே நோய் பரவத் தொடங்கிவிடுகிறது. அப்போது அது வெறும் சளி, காய்ச்சல், கண் சிவப்பு. குழந்தை பால்வாடிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

கொல்வது பெரும்பாலும் தடிப்பு அல்ல. அதைத் தொடர்ந்து வரும் நிமோனியா, வயிற்றுப்போக்கு, சில நேரம் மூளைக்காய்ச்சல். ஊட்டம் குறைந்த உடம்பில், வைட்டமின் ஏ குறைந்த உடம்பில் இவை வேகமாக வேலையை முடிக்கும். அதனால்தான் தட்டம்மை வந்த குழந்தைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்கிறார்கள். அது சாவைக் குறைக்கிறது.

‘இயற்கையா வந்தா எதிர்ப்புச் சக்தி நல்லது’ என்பவருக்கும் விடை இருக்கிறது. 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று, தட்டம்மை வந்துபோன குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்தது. வேறு நோய்களுக்கு எதிராக அவர்கள் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமல் போயிருந்தது. இயற்கை கொடுக்கிற இந்தப் பாடத்துக்கு இயற்கையே வாங்கும் கட்டணம் அது.

வேப்பிலைமீது பழி

கோவண்டியில் சாவு விழுந்ததும் நம் வரவேற்பறைகளில் தீர்ப்பு தயாராக இருந்தது. ‘படிப்பில்லை, மதம் விடாது, மூடநம்பிக்கை.’ தமிழர் வீட்டுப் பேச்சில் கூடவே வேப்பிலையும் வந்தது. ‘நம்ம ஆளுங்க மட்டும் என்ன, அம்மா வந்திருக்குன்னு வேப்பிலை சொருகிட்டு உக்காந்திருப்பாங்க.’

வேப்பிலையை நான் காப்பாற்ற வரவில்லை. அம்மை கண்ட பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல், தெய்வக் குற்றம் என்று வைத்தியத்தைத் தள்ளிப்போட்ட வீடுகளில் பிள்ளைகள் செத்திருக்கின்றன. அது கண்டிக்க வேண்டியது. ஆனால் கண்டிக்கிறவர் நியாயமாகக் கண்டிக்க வேண்டும். வாசலில் வேப்பிலை செருகிய வீட்டுக்குள் அயலார் நுழைய மாட்டார்கள்; அந்தப் பிள்ளையைத் தெருவுக்கு அனுப்ப மாட்டார்கள். மாடிக் குடியிருப்பில் இருக்கும் நாமோ பாராசிட்டமால் கொடுத்து, காய்ச்சல் இறங்கியதும் ‘டெஸ்ட் இருக்கு’ என்று பள்ளிக்கு அனுப்புகிறோம். தனிமைப்படுத்துவதில் எது அறிவியலுக்குப் பக்கம்? வேப்பிலையின் உண்மையான குறை அது தாமதமாக வருகிறது என்பது. தடிப்பு தெரிந்த பிறகு தோரணம் கட்டுகிறோம். கிருமியோ நான்கு நாளுக்கு முன்பே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. ஊசி ஒன்றுதான் அதற்கு முந்திப் போக முடியும்.

ஊசிக்கும் கும்பிடுக்கும் பகை என்று யார் சொன்னது? இந்தியாவில் முதன்முதலாக அம்மைப்பால் குத்தப்பட்டது இந்தப் பம்பாயில்தான். 1802 ஜூன் 14 அன்று, அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்கு. அங்கிருந்து தொடங்கி 1975-இல் நாட்டின் கடைசிப் பெரியம்மை நோயாளிவரை வந்து சேர்ந்தோம். பெரியம்மை ஒழிந்ததால் எந்த மாரியம்மன் கோவிலாவது பூட்டப்பட்டதா? மாகிம் சீதளாதேவி கோவிலில் இன்றும் விளக்கு எரிகிறது. ஆடியில் கூழும் ஊற்றுகிறார்கள். சாமி அப்படியே இருக்கிறது. நோய் மட்டும் போய்விட்டது. பக்தருக்கும் இதில் நட்டமில்லை.

படிப்பில்லாததுதான் காரணம் என்றால் 2017 தமிழ்நாட்டை விளக்க முடியாது. அந்த ஆண்டு பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரை, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு. திராவிட இயக்கம் ஆண்ட மண், எழுத்தறிவில் முன்னணி மாநிலம், ஊருக்கு ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். என்ன நடந்தது? ‘வெளிநாட்டுச் சதி, மலட்டுத்தன்மை வரும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகள் பறந்தன. கட்டணம் கட்டிப் படிக்கும் பள்ளிகளின் பெற்றோர்கள் ‘என் பிள்ளைக்கு வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச் வரை நீட்டவேண்டியதாயிற்று. வதந்தியைப் பரப்ப ஸ்மார்ட்போன் வேண்டும், படிக்கத் தெரிய வேண்டும், ஓய்வு வேண்டும். வேப்பிலைக்காரரிடம் இந்த மூன்றும் குறைவு.

இரண்டு சாவு, எண்பத்து மூன்று சாவு

‘ஊசி போட்டுச் செத்த குழந்தையும் உண்டே?’ உண்டு. இந்தக் கேள்வியை மழுப்புகிறவர் பகுத்தறிவாளர் அல்லர்.

பசிபிக் தீவு நாடான சமோவாவில் 2018 ஜூலையில் ஊசி போட்ட சில நிமிடங்களில் இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசித் தூளைத் தண்ணீரில் கரைப்பதற்குப் பதிலாகச் செவிலியர்கள் தசை தளர்த்தும் மயக்க மருந்தைக் கலந்துவிட்டார்கள். ஊசியில் குறையில்லை, கலந்த கையில் குறை. அரசு என்ன செய்தது? தடுப்பூசித் திட்டத்தையே பல மாதங்கள் நிறுத்திவைத்தது. இரண்டு சாவு கண்ணுக்குத் தெரிந்த சாவு. நிறுத்தினால் எத்தனை சாவு என்பது தெரியாத சாவு. தடுப்பூசி பெறும் குழந்தைகளின் விழுக்காடு பாதிக்கும் கீழே இறங்கியது. 2019-இல் தட்டம்மை வந்தது. சுமார் 2 லட்சம் மக்கள் வாழும் நாட்டில் 5,700 பேருக்கு மேல் நோய், 83 சாவு, பெரும்பாலும் பச்சைப் பிள்ளைகள். கடைசியில் டிசம்பரில் இரண்டு நாள் நாட்டையே மூடினார்கள். ஊசி போடாதவர் இருக்கும் வீடுகள் வாசலில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்று அறிவித்து, வீடு வீடாகப் போய்ப் போட்டார்கள். நம் ஊர் வேப்பிலை ‘உள்ளே வராதே’ என்றது. அந்தச் சிவப்புத் துணி ‘உள்ளே வா’ என்றது.

சமோவா தூரம் என்றால் திருவள்ளூருக்கு வாருங்கள். 2008 ஏப்ரலில் அந்த மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. மாநிலமே கொதித்தது, கொதிக்க வேண்டியதுதான். அதன்பின் தமிழ்நாடு கிராமத்துக்குப் போய் ஊசி போடுவதை விட்டு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தாய்மார்களை வரச் சொன்னது. பாதுகாப்புக்காக என்றார்கள். தேசிய குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். 2005–06-இல் எல்லாத் தடுப்பூசியும் பெற்ற தமிழ்நாட்டுக் குழந்தைகள் 81 விழுக்காடு, 2015–16-இல் 70. இறங்கியதற்கு அந்த ஒரு முடிவு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊசியைத் தாய்க்குத் தூரமாக்கினால் எண்ணிக்கை இறங்கும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. 2019–21-இல் அது 89 ஆக ஏறிவிட்டது. நடுவில் ஊசியில்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று எந்தச் சட்டமன்றத்திலும் அமளி நடந்ததாக நினைவில்லை.

நான்கு குழந்தைகளின் சாவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதில் மறுபேச்சில்லை. ஊசியைச் சோதியுங்கள், செவிலியருக்குப் பயிற்சி கொடுங்கள், தவறிழைத்தவரைத் தண்டியுங்கள், குடும்பத்துக்கு இழப்பீடு கொடுங்கள். திட்டத்தை நிறுத்தும்போது மட்டும் அதுவும் ஒரு செயல் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பவரின் கை சுத்தமானது என்று நினைக்கிறோம். தொற்றுநோய்க்கு எதிரில் அப்படி ஒரு சுத்தமான இடம் கிடையாது. போடுவதும் முடிவு, போடாமலிருப்பதும் முடிவு. இரண்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒரு கிலோ பருப்பு

கோவண்டிக்குத் திரும்புவோம். இந்தியாவின் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை ஊசி 1985-இல் சேர்ந்தது. 2010 முதல் இரண்டாம் தவணையும் உண்டு. அதைத் தயாரித்து உலகின் ஏழை நாடுகளுக்கு அனுப்பும் மிகப்பெரிய நிறுவனம் இங்கிருந்து 150 கிலோமீட்டரில், புனேயில் இருக்கிறது. ஒரு தவணையின் விலை நூறு ரூபாய்க்கும் குறைவு, தாய்க்கு இலவசம். ஆப்பிரிக்காவின் மூலை முடுக்குக்கெல்லாம் போகும் புனே ஊசி, குப்பைமேட்டு ஓரத்துப் பிள்ளையின் புஜத்துக்கு ஏன் போகவில்லை?

கொரோனா ஒரு காரணம். 2021-இல் மட்டும் உலகில் கிட்டத்தட்ட 4 கோடி குழந்தைகள் தட்டம்மை ஊசியின் ஒரு தவணையைத் தவறவிட்டார்கள். ஊரடங்கில் குடும்பங்கள் ஊருக்குப் போயின, திரும்பின, வேறு குடிசைக்கு மாறின. 2011 கணக்கிலேயே 8 லட்சம் பேர் வாழ்ந்த, கோவண்டி அடங்கிய வார்டு, 2009-இல் வெளியான மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் கடைசி இடத்தில் இருந்தது. அங்கே வீடு வீடாகப் போகும் ஆரோக்கிய சேவிகாக்கள் அரசு ஊழியர் என்ற அந்தஸ்துகூட இல்லாமல் மதிப்பூதியத்துக்கு வேலை செய்கிறவர்கள்.

இன்னொரு காரணம் ‘இலவசம்’ என்ற பொய். தாராவியிலோ சீத்தா கேம்ப்பிலோ ஒரு தாயிடம் கேட்டுப் பாருங்கள். ‘ஊசி போட்டா ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்கும்க்கா. புள்ளைய யார்கிட்ட விட்டுட்டு வேலைக்குப் போறது? ரெண்டு நாள் போகலேன்னா அந்த வீட்டுக்காரம்மா வேற ஆள வச்சிருவா.’ இதில் எங்கே மூடநம்பிக்கை? சுத்தமான கணக்கு இது. இன்று இரண்டு நாள் கூலி உறுதியாகப் போகும். நோய் வருமோ வராதோ. நம் வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணின் கணக்கு அது என்றால், அந்த ‘வீட்டுக்காரம்மா’ யார் என்றும் பார்த்துக்கொள்வது நல்லது.

ராஜஸ்தான் உதய்ப்பூர் மாவட்டக் கிராமங்களில் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2010-இல் வெளியானது. புதிதாக ஒன்றும் செய்யாத கிராமங்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 விழுக்காடு. மாதந்தோறும் தவறாமல் ஊருக்கே முகாம் வந்த கிராமங்களில் 18. முகாமோடு, ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்ததும் ஒரு செட் தட்டும் கொடுத்த கிராமங்களில் 39. ஒரு குழந்தைக்கு ஆன செலவோ பருப்புக் கொடுத்த இடத்தில்தான் பாதியாகக் குறைந்தது, ஏனென்றால் செவிலியர் வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை.

இதைச் சொன்னால் நம்மவர்களுக்கு முகம் சுளிக்கிறது. ‘பெத்த பிள்ளைக்கு ஊசி போட லஞ்சமா?’ பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைக்கச் சோறு போட்டவரை நாம் என்ன சொல்லி அழைக்கிறோம்? கர்மவீரர் என்கிறோம். காட்கோபர் கிழக்கில் ஒரு குடிசைப் பகுதிக்குக் காமராஜ் நகர் என்று பெயர் இருக்கிறது. பக்கத்தில் ரமாபாய் அம்பேத்கர் நகர். மாடு மேய்க்கிற பையன் மேய்ச்சலை விட்டுவந்தால் அவனுக்கு வயிற்றுக்கு யார் கொடுப்பது என்று கேட்ட மனிதர் காமராஜர். ஏழையின் நேரத்துக்கும் விலை உண்டு என்று அவர் கணக்குப் போட்டார். நாம் அவர் பெயரை வைத்துக்கொண்டோம். அந்த இரண்டு நகர்களும் மறுகட்டுமானத்துக்காகக் காலியாகத் தொடங்கின. குடும்பங்கள் நாலா பக்கமும் வாடகை வீடு தேடிப் போயின. குடிசை இடியும்போது ஆரோக்கிய சேவிகாவின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் முகவரியும் இடிகிறது. அடுத்த தவணை தேதியில் அந்தக் குழந்தை எந்த வார்டில் இருக்கும் என்று கட்டுமான ஒப்பந்தத்தில் யாராவது ஒரு வரி எழுதியிருப்பார்களா?

ஒதுக்கப்பட்ட ஐந்து இடங்கள்

‘என் பிள்ளை, என் உரிமை’ என்ற வாதம் மிச்சமிருக்கிறது. இது குடிசையிலிருந்து வருவதில்லை. இயற்கை வாழ்வு, பாரம்பரிய அரிசி, மரச்செக்கு எண்ணெய் பேசும் நல்ல மனிதர்களிடமிருந்து வருகிறது. அவர்களுக்கு நான் சமூக நீதியின் மொழியிலேயே பதில் சொல்கிறேன்.

தட்டம்மை ஒரு ஊரில் பரவாமல் நிற்க, 100 பேரில் 95 பேருக்கு எதிர்ப்புச் சக்தி வேண்டும். மிச்சம் ஐந்து இடம் காலி இருக்கலாம். அந்த ஐந்து இடம் இடஒதுக்கீடு. யாருக்கு? முதல் தவணைக்கான ஒன்பது மாதம் நிறையாத கைக்குழந்தைக்கு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் கரைந்து, ஊசியும் கிடைக்காத இடைவெளியில் அது நிற்கிறது. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் சிறுவனுக்கு. அவனுக்கு இந்த உயிருள்ள ஊசியைப் போட முடியாது. ஊசி போட்டும் பலிக்காத சிலருக்கு. முதல் தவணை ஒன்பது மாதத்தில் போட்டால் 85 விழுக்காட்டினருக்குத்தான் பலிக்கும், 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவதும் போட்டால்தான் கிட்டத்தட்ட எல்லோருக்கும். இவர்களுக்கு வேறு பாதுகாப்பு இல்லை. சுற்றி இருப்பவர்களின் உடம்புதான் சுவர்.

திடமான பிள்ளைக்கு ஊசி வேண்டாம் என்று முடிவு செய்யும் பெற்றோர் அந்த ஐந்து இடத்தில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். போலிச் சான்றிதழ் கொடுத்து ஒதுக்கீட்டில் சேர்கிறவரை நாம் என்ன சொல்வோமோ, அதையே இவர்களுக்கும் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் மத்திய அரசு, நோய் பரவிய இடங்களில் ஆறு மாதம் முடிந்த கைக்குழந்தைகளுக்கே கூடுதலாக ஒரு தவணை போடச் சொன்னது. ஒன்பது மாதம் வரை ஊரை நம்பி இருக்க முடியாது என்ற நிலை வந்துவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள்.

இலங்கை 2019-இல் தட்டம்மையை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. பணக்கார நாடு அல்ல. கால் நூற்றாண்டுக்கும் மேல் போர் கண்ட நாடு. அங்கேயும் 2023-இல் நோய் திரும்பிவந்தது. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம்; எண்ணுவதை மட்டும் நிறுத்த முடியாது. இந்தியா தட்டம்மையை ஒழிக்கக் குறித்த ஆண்டு முதலில் 2020, பிறகு 2023, அதன்பின் 2026. கெடு தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் தெருவில் யாரும் இறங்கவில்லை. பேருந்துக் கட்டணம் இரண்டு ரூபாய் ஏறியிருந்தால் இறங்கியிருப்போம்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

மும்பைத் தமிழருக்குச் சங்கங்கள் குறைவில்லை. மாதுங்காவில் உண்டு, செம்பூரில் உண்டு, தாராவியில் தெருவுக்குத் தெரு உண்டு, காட்கோபரிலும் உண்டு. சாமி உண்டு என்பவர்களுடையதும் உண்டு, இல்லை என்பவர்களுடையதும் உண்டு. சாமி இல்லை என்று மேடையில் நிரூபிப்பது எளிது; கேட்கிறவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர். ஒரு சால் குடியிருப்பில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எத்தனை, அவர்களில் இரண்டாம் தவணை போடாதவர் எத்தனை என்று தெரிந்து வைத்திருப்பது கடினம். பகுத்தறிவுக்கு அந்தக் கடினமான வேலைதான் தேர்வு.

செய்ய வேண்டியது இரண்டு தேதி கேட்பதுதான். முதல் தவணை என்று, இரண்டாம் தவணை என்று. தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் சுகாதார நிலையத்தில் சொல்லி மறுபடி போடலாம். கூடுதலாக ஒரு தவணை போட்டால் கெடுதல் இல்லை. ஊசி நாளன்று கூலி இழக்கும் தாய்க்கு அந்தக் கூலியைச் சங்கம் கொடுக்கட்டும். பருப்பாகக் கொடுத்தாலும் சரி. பொங்கல் விழாவின் ஒலிபெருக்கி வாடகையைவிட அது குறைவாகவே வரும். வீடு மாறிப் போனவர்களின் கைபேசி எண்ணை வைத்துக்கொண்டு, தவணை நாளன்று ‘எங்கம்மா இருக்கே, புள்ளைக்கு ஊசி போட்டியா?’ என்று தமிழில் ஒருவர் கேட்கட்டும். மாநகராட்சி அனுப்பும் குறுஞ்செய்தியைவிட அந்தக் குரலுக்கு மரியாதை அதிகம்.

ஆண்டுப் பொதுக்குழுவில் வரவு செலவு வாசிக்கிறீர்கள். அதோடு ஓர் எண்ணையும் வாசியுங்கள்: நம் பகுதியில் ஊசி போடாத பிள்ளைகள் இத்தனை பேர். பெயர் வேண்டாம், எண் போதும். அந்த எண் தெரியாது என்று சொல்லும் சங்கம் எந்தக் கொள்கை பேசினாலும் அது பேச்சு. தெரிந்தும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர முயலாத சங்கம் அடுத்த விழாவுக்கு என் வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு வர வேண்டாம்.